முந்தியில் வைத்த பொட்டு

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பேன். காய்கறி நிறுக்கும்போது தராசைப் பார்க்க மாட்டேன், நிறுக்கிறவர் சுண்டுவிரலைப் பார்ப்பேன். “இலவசம்” என்று போட்ட பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தால், போன மாதம் இதே பாக்கெட் என்ன கனம் இருந்தது என்று என் கைக்கு ஞாபகம் வந்துவிடும். தெருவில் எனக்குச் சந்தேகக்காரி என்றே பெயர். அதில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிக் கெட்டவர்கள் எங்கள் ஊரில் நிறைய பேர். நம்பாமலே கெட்டவள் நான் ஒருத்திதான் என்று இப்போது தோன்றுகிறது.

பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் வீடுகளுக்குப் போய் இழை பிணைப்பது என் வேலை. தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி முனை தறியிலேயே இருக்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தப் பழைய முனையோடு சேர்த்து விரலால் முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு வழுக்கும், விரல் வேர்க்கும். அதனால் விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு முறுக்குவோம். முன்பு அடுப்புச் சாம்பல் இருந்தது. எல்லா வீட்டிலும் கேஸ் வந்த பிறகு சாம்பலுக்கு எங்கே போவது? சாமி மாடத்தில் இருக்கும் விபூதிப் பாக்கெட்டை எடுத்து ஒரு டப்பா மூடியில் கொட்டிக்கொள்வோம். இதில் பக்தி ஒன்றும் இல்லை. வேர்வைதான்.

இன்னும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒரு பாவில் மூன்று புடவை வரும். எங்கள் தறிகளில் இடுப்பில் செருகும் முனையில் ஆரம்பித்து முந்தியில் முடிப்போம். பிணைத்த இடத்தை ஒட்டி நெய்கிற முதல் புடவையில், அதுவும் இடுப்பு முனையில்தான், சாம்பல் மங்கலாக ஒட்டியிருக்கும். மற்ற இரண்டு புடவைக்கும் சாம்பலுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஒரு புடவையிலும் கறை தெரிந்தால் பட்டு கொடுக்கும் முதலாளி முகத்தைச் சுளிப்பார் என்று துணியால் தட்டிவிட்டுத்தான் மடிப்போம்.

நான்கைந்து வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் எங்கள் வீட்டுத் தறியில் நான் பிணைத்துக்கொண்டிருந்தபோது, கேமராவோடு ஒரு கூட்டம் வந்தது. கடைத்தெருவில் இருக்கும் ஒரு பெரிய பட்டுக்கடைக்கு விளம்பரம் எடுக்கிறார்களாம். முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். தறிக் குழியில் உட்கார்ந்து நெய்கிற என் வீட்டுக்காரரைப் பத்து நிமிடம் எடுத்தார்கள். அவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, பார்க்காமல் நடிக்கவும் இல்லை. அது அவர்களுக்குப் போதவில்லை. பிறகு அந்தக் கூட்டத்தில் இருந்த, ஜீன்ஸ் போட்ட பெண் ஒருத்தி என் பக்கத்தில் குந்திக்கொண்டு, மூடியில் இருப்பது விபூதியா என்று கேட்டாள்.

“விபூதிதாம்மா. வெரல் வேர்த்துக்கினே இருக்குது, இழை வழுக்கிக்கினு போவுது. சாம்பல் கெடைக்கல, அதான் இது.”

சாம்பல் கதை, வேர்வைக் கதை, மூன்றில் ஒரு புடவைக் கதை எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் தலையைத் தலையை ஆட்டினாள். அவள் கண் மூடியை விட்டு நகரவே இல்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்கிறவர்கள் எதையும் கேட்பதில்லை என்பது என் அனுபவம். ஆனாலும் கையைக் காட்டச் சொன்னபோது காட்டினேன். ஒரு மணி நேரம் என் விரல்களை எடுத்தார்கள்.

விளம்பரம் வந்தபோது தெருவே எங்கள் வீட்டு டிவி முன்னால் இருந்தது. குத்துவிளக்கு வெளிச்சத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு நடிகை, நெற்றி நிறைய விபூதி, தறி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணை மூடி வாய்க்குள் என்னவோ வேண்டிக்கொள்கிறாள். வெள்ளிக் கிண்ணத்தில் இருக்கும் விபூதியைத் தொடுகிறாள். அங்கே கையை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறார்கள். அது என் கை. அடுத்து கல்யாண மேடை. மணப்பெண் புடவையின் ஓரத்தைத் தடவுகிறாள், அதில் விரல் அகலத்துக்கு ஒரு விபூதிப் பொட்டு. அவள் கண்ணில் நீர். “ஒவ்வொரு இழையிலும் ஒரு தாயின் ஆசி” என்று ஒரு குரல் சொல்கிறது.

என் கைக்கு நான் முகமாக இல்லை என்பதில் தெருப் பெண்களுக்கு ஒரே சிரிப்பு. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். “நீ கைய குடுத்த, அவங்க கதைய குடுத்தாங்க. ரெண்டும் ஒட்டிக்கினு போச்சு. இனிமே பிரிக்க முடியாது.”

எங்களுக்கு ஒரே மகள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் அந்த விளம்பரத்தைப் பார்ப்பாள். நான் இழை பிணைப்பதை ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்து வளர்ந்தவள், என் விரல் வெடிப்புக்கு எண்ணெய் தடவிவிட்டவள், அந்த மணப்பெண் கண் கலங்கும் இடத்தில் இவளும் கலங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உனக்குத் தெரியாதா, அது வேர்வைக்குத் தொடுகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“தெரியும்மா. பொய்னு தெரிஞ்சிதான் பாக்கறேன். ஆனா பாக்கும்போது தொண்ட அடைக்குது, நான் இன்னா பண்றது?”

தெரிந்தால் ஏமாற மாட்டோம் என்று அதுவரை நினைத்திருந்தேன். என் சந்தேகம் முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நின்றது. அன்றைக்கு அதில் கொஞ்சம் மண் சரிந்தது.

ஆறு மாதத்தில் ஊர் மாறிவிட்டது. கார் போட்டுக்கொண்டு வந்து, “விபூதி வைக்கிற அம்மா வீடு எது?” என்று பிள்ளையார்பாளையம் சந்துகளில் விசாரித்தார்கள். கல்யாணம் ஆகப்போகிற பெண்கள் வந்து என் மூடியில் விரலைத் தொட்டுப் பாவின் மேல் வைத்து ரீல்ஸ் எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கடை ஒன்று அதையே குங்குமத்தில் செய்தது. பாத்திரக் கடைகளில் “நெசவு விபூதிக் கிண்ணம்” என்று ஒன்று விற்றது. எந்த நெசவாளரும் அதற்கு முன் அப்படி ஒரு கிண்ணத்தைப் பார்த்ததில்லை. இதையெல்லாம் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எதிர்வீட்டு அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், முப்பது வருடமாக இழை பிணைக்கிறவள், ஒருநாள் பிணைக்க உட்காரும் முன் கண்ணை மூடி முணுமுணுத்தாள். என்னக்கா புதுசா என்றேன். புதுசா என்ன, எப்போதும் செய்கிறதுதானே என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம், பிணைக்க உட்கார்ந்தபோது என் கண்ணும் தானாக மூடியது. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் திறந்துகொண்டேன். பயமாக இருந்தது.

பிறகுதான் ஒரு புடவை திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் நெய்த அரக்குப் புடவை. மாதத்துக்கும் மேல் உழைத்தது. பாவில் இரண்டாவதாக நெய்தது, அதனால் சாம்பல் ஒட்டியிருக்க வழியே இல்லை. வாங்கிய பெண் வீட்டார் பொட்டு இல்லாத புடவை போலி என்று சொல்லித் திருப்பிவிட்டார்களாம். முதலாளி கொண்டுவந்து தறி ஓரம் வைத்தார். போன வருடம் வரை கறை என்று திட்டிய அதே மனுஷர், “ஒரு தொடு தொட்டுக் குடும்மா, இன்னாத்துக்கு வம்பு” என்றார். நிஜப் புடவையைப் போலி என்றவர்களிடம் அதை நிஜம் என்று காட்ட, பொய்யாக ஒரு பொட்டு வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கட்டைவிரலைத் தொட்டு, இடுப்பு முனையில் வைத்தேன். புடவை நிஜம்தானே என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு தடவை வாசலைத் திறந்துவிட்டால் போதும். பட்டுக்கடை மேனேஜர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. அடுக்கடுக்காகப் புடவைகள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் தனித்தனியாக நெய்து சேர்ப்பது, பின்பக்கம் அந்தச் சேர்க்கை விரலுக்குத் தட்டுப்படும். இது மழமழவென்று இருந்தது. பவர்லூம். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மேனேஜர் சிரித்தார். “வெளியூர் சரக்குதாம்மா. அதுக்கு மட்டும் ஒரு தாயோட ஆசி வேணாமா?”

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். முடியாது என்று சொல்லிவிட்டு வர எனக்கு வசதி இல்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் நானும் ஒரு விளம்பரம் எடுத்த மாதிரி ஆகிவிடும். வாரம் ஒருநாள் போய் அந்த அறையில் உட்கார்ந்து பொட்டு வைத்தேன்.

ஆனால் சந்தேகக்காரிக்கு மூளை சும்மா இருக்காது. நான் ஒரு தந்திரம் செய்தேன். வெளியூர்ப் புடவைக்கெல்லாம் பொட்டை வேண்டுமென்றே முந்தி முனையில் வைத்தேன். பிணைத்த சாம்பல் முந்தியில் வரவே வராது. தறி தெரிந்த யார் பார்த்தாலும், இது பொய் என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். ஊரை ஏமாற்றினாலும் எங்கள் ஆட்களை ஏமாற்றவில்லை என்று எனக்கு நானே ஒரு சந்து வைத்துக்கொண்டேன். மேனேஜருக்கோ ஏக சந்தோஷம். முந்தியில் இருந்தால் போட்டோவில் எடுப்பாகத் தெரியும் என்றார். என் தந்திரத்தை மகளிடம் மட்டும் பெருமையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லவில்லை, ஆனால் தெருவில் பிணைக்கிறவர்களுக்கு எல்லாம் எப்படியோ தெரிந்துவிட்டது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா?

வரன் அமைந்தது. தாம்பரத்தில் இருக்கும் எங்கள் ஜாதிக்காரர்கள்தான். அவர்கள் குடும்பம் தறியை விட்டு இரண்டு தலைமுறை ஆகிறது. மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி, வாய் நிறையப் பேசுவார், பேசுகிறதெல்லாம் பாதி டிவியில் கேட்டது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவது. நாங்கள் தருவது மாலை வரவேற்புக்கு. அதை என் வீட்டுக்காரர் மூன்று மாதமாக நெய்துகொண்டிருந்தார். மயில்கழுத்து நிறம், பாவின் முதல் புடவை. பாவை நான்தான் பிணைத்தேன். அன்றைக்கு மட்டும் கண்ணை மூடி, மகள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். விளம்பரத்து நடிகை சொல்லிக்கொடுத்த வேண்டுதல்தான். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முகூர்த்தப் புடவை எந்தக் கடையில் எடுத்தார்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. சம்பந்தியம்மா மகளையும் அழைத்துக்கொண்டு போய் எடுத்தார் என்பது மட்டும் தெரியும். சஸ்பென்ஸ் என்றார். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. புடவை நல்லாருக்குதா என்று மகளைக் கேட்டேன். நல்லாருக்குதுமா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். அவள் எப்போது வேறு பேச்சுக்குப் போவாள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் துருவவில்லை. எல்லாவற்றையும் திருப்பிப் பார்க்கிறவள் அதை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை.

கல்யாணத்தன்று காலை, மண்டபம் நிறைய எங்கள் ஆட்கள். பாதிக்கு மேல் தறிக்காரர்கள். ஐயர் தட்டில் தேங்காய், மஞ்சள், தாலி, முகூர்த்தப் புடவை எல்லாம் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வாதம் செய்யச் சுற்றுக்கு அனுப்பச் சொன்னார். சம்பந்தியம்மா தானே தட்டை எடுத்துக்கொண்டார். குங்கும நிறப் புடவை. பொட்டு எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று முந்தியை மேலே விரித்து வைத்திருந்தார்.

பொட்டு முந்தியில் இருந்தது.

கொஞ்சம் சாய்ந்த பொட்டு. என் கட்டைவிரலில் வெடிப்பு இருக்கும் இடத்தில் ஒரு கோடு விட்டிருந்தது. அந்த அறையில் நான் வைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், அது இதுதான். என் பயம் புடவை பற்றியது மட்டும் இல்லை. தட்டு இப்போது முதல் வரிசைக்கு வரும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் முந்தியையும் இடுப்பு முனையையும் தூக்கத்திலும் பிரித்துச் சொல்கிறவர்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், “இது இன்னாது, பவர்லூமை எடுத்தாந்துக்கிறாங்க” என்று வாயைத் திறந்தால் போதும். தாம்பரத்துக்காரர்கள் சபையில் அவமானப்படுவார்கள். என் மகள் அந்த வீட்டுக்குள் அந்த அவமானத்தோடுதான் நுழைவாள். அந்தப் பேச்சுக்கு வேண்டிய ஆதாரத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தட்டு நகர்ந்தது. என் நாத்தனார் தொட்டாள், பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் தொட்டார், பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டு அடுத்த கைக்குப் போனது. சம்பந்தியம்மா ஒவ்வொருவரிடமும், “ஆசிப் பொட்டு பாருங்க, ஒங்க ஊரு பொடவை” என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் தட்டைத் தொட்டபோது விரல் பொட்டுக்கு மேல் ஒரு கணம் நின்றது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மற்றவர்கள் பார்த்ததைவிட அது வலித்தது.

எதிர்வீட்டு அக்காவிடம் தட்டு வந்தது. அவள் வாய் யாருக்கும் அடங்காத வாய். அக்கா புடவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, “தேங்கா நவுந்துக்கினு போவுது பாருமா” என்று சொல்லி, முந்தியை மடித்துப் பொட்டு உள்ளே போகும்படி வைத்து, அதன் மேல் தேங்காயை எடுத்து வைத்தாள். சம்பந்தியம்மா நன்றி சொன்னார். அக்கா என் மேல் இரக்கப்பட்டுச் செய்தாளா, அல்லது பின்னால் ஒருநாள் சொல்லிக்காட்ட எடுத்து வைத்துக்கொண்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. அவளும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

புடவை மாற்ற மகளை உள்ளே அழைத்துப் போனார்கள். கட்டிவிடுகிறேன் என்று மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். இதைக் கட்ட வேண்டாம், அப்பா நெய்ததை இப்போது கட்டிக்கொள், சம்பந்தியம்மா தெரியாமல் எடுத்துவிட்டார், நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன் என்று கடகடவென்று சொன்னேன்.

“அவங்க எடுக்கலமா” என்றாள். “நான்தான் எடுத்தேன்.”

“பாத்தா எடுத்த?”

“பொட்டு எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்துதான் எடுத்தேன். நல்ல பொடவைங்க நெறைய இருந்துச்சு, கைத்தறியே இருந்துச்சு. அதுல எல்லாம் பொட்டு இடுப்புப் பக்கம், யார் கையோ. இது ஒண்ணுலதான் உன் கை இருந்துச்சு. மத்தவங்களுக்கு அது வெளம்பரம்மா. எனக்கு நெஜம்.”

எனக்கு அழுகை வந்தது. அவளைக் கட்டிக்கொண்டேன். புதுப் புடவையின் கஞ்சி வாசனை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. நான் இழை பிணைக்கும் இந்த இருபத்தைந்து வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. நிஜப் புடவைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அம்மா கை பட்டது என்று ஒரு போலியைத் தேடி எடுத்திருக்கிறாள். அந்த நிமிடத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அந்த நிமிடம் முழுசாக ஒரு நிமிடம் இல்லை. கொசுவம் வைக்கக் குனிந்தபோதே என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. அவள் சொன்னது என்ன? அம்மாவின் கை, அம்மாவின் ஆசி. இது யாருடைய பேச்சு? அந்த விளம்பரம் வரும் முன்னால் என் கையைப் பற்றி இவள் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? விரல் வெடிப்புக்கு எண்ணெய் தடவினாளே, அப்போது பேசாமல் தடவினாள். பேசாமல் தடவியது அவளுடையது. இந்தப் பேச்சு அவளுடையதா, கம்பெனி பஸ்ஸில் நூறு தடவை கேட்டதா? கண்ணில் நீரோடு நின்ற என் மகளின் முகத்தில் அந்த நடிகையை நான் தேடினேன். பெற்ற மகளின் அன்பைத் தராசில் வைத்துச் சுண்டுவிரலைப் பார்க்கிறேன் என்று என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. அந்த விளம்பரக்காரர்கள் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. புடவையைப் பொய்யாக்கினால் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பது?

முந்தியை அவள் தோளில் விரித்துப் பின் குத்தினேன். பொட்டு மேலே வந்தது. மறைத்து மடிக்கப் போனேன். இருக்கட்டும்மா என்றாள்.

தாலி கட்டியாகிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலையில் அப்பா நெய்த மயில்கழுத்துப் புடவையைக் கட்டினாள். அதில் நான் வேண்டிக்கொண்டு பிணைத்த நிஜச் சாம்பல் இடுப்பு முனையில் இருந்தது. செருகியதும் உள்ளே போய்விட்டது. போட்டோக்காரர் காலையில்தான் நிறைய எடுத்திருந்தார். முந்தியைக் கையில் ஏந்தி, பொட்டு தெரிகிற மாதிரி.

அதன் பிறகு நான் அந்தப் பின்னறைக்குப் போகவில்லை. வேறு யாரோ போகிறார்கள் என்று கேள்வி. என் வீட்டுக்காரர் அந்தப் புடவை பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினார். நெசவு மோசமில்லை என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்காகவா, மகளுக்காகவா என்றும் யோசித்துவிட்டேன். என்ன செய்ய, என் புத்தி அப்படி.

மூன்று மாதம் கழித்து, வாலாஜாபாத் போக பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் பெரிய விளம்பரப் பலகை. அண்ணாந்து பார்த்தால் என் மகள். குங்கும நிறப் புடவை, கையில் ஏந்திய முந்தி, சாய்ந்த பொட்டு. பட்டுக்கடையில் கல்யாண போட்டோ கேட்கிறார்கள், தரட்டுமா என்று அவள் முன்பே போனில் கேட்டிருந்தாள். எதற்கு என்று நான் சரியாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் பெரிய எழுத்தில் இரண்டு வரி. “நெசவாளர் வீட்டுப் பெண், தன் கல்யாணத்துக்குத் தானே தேர்ந்தெடுத்த புடவை. அதில் அவள் அம்மாவின் கை.”

நான் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். நெசவாளர் வீடு, சரி. தானே தேர்ந்தெடுத்தாள், அதுவும் சரி. அம்மாவின் கை, அதுவும் சரிதான். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். இத்தனை வருடத்தில் அவர்கள் எழுதியதில் பொய்யே இல்லாத விளம்பரம் இது ஒன்றுதான்.

பக்கத்தில் வெளியூர் அம்மா ஒருத்தி நின்றிருந்தாள். கூட அவள் மகள், கல்யாணப் பத்திரிகைப் பை கையில். இரண்டு பேரும் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பலகையைப் பார்ப்பதும் கண்ணைச் சுருக்குவதுமாக இருந்தாள். என் ஜாதி, எதையும் நம்பாத ஜாதி. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள். “ஏம்மா, இதெல்லாம் நெஜமா இருக்குமா?”

எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. சாம்பல், வேர்வை, மூன்றில் ஒன்று, முந்தி, இடுப்பு முனை. ஆனால் அண்ணாந்து பார்த்திருந்த என் கண்ணில் என் மகள் அவ்வளவு அழகாக இருந்தாள். வாய் முந்திக்கொண்டது.

“நெஜந்தாம்மா. அது என் பொண்ணுதான்” என்றேன். கையை வேறு தூக்கிக் காட்டினேன். “அந்தக் கையும் இதுதான்.”

அந்தப் பெண் என் கட்டைவிரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். வழி சொன்னேன். அவர்கள் கடைத்தெருப் பக்கம் நடந்தார்கள். முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன், கூப்பிடவில்லை.